மேற்பார்வை சார் வைத்த விளக்கு

மேற்பார்வை சார் தன் வாழ்நாளில் ஒரு ஆணி அடித்ததில்லை. ஆனால் அவர் முன்னிலையில் அடிக்கப்பட்ட ஆணிகளைச் சேர்த்தால் ஒரு கப்பலே கட்டிவிடலாம்.

அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. உத்தியோகம் அப்படி. பலர் எழுதி, பலர் திருத்தி, பலர் தூக்கி வந்த கோப்பில் கடைசியாக ஒரு கையெழுத்து போடுவது அவர் வேலை. போடுவதற்கு முன்னால் "ம்ம்..." என்று ஒரு இழுப்பு இழுப்பார். சம்பளமே அந்த இழுப்புக்குத்தான் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது மாலை, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் அந்த "ம்ம்"மும் அவருடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினாலும் சரி, எதிர்வீட்டில் வெள்ளையடித்தாலும் சரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றுவிடுவார். தோண்டுகிறவர்கள் முதல் நாள் யாரோ பெரிய அதிகாரி என்று பயந்து வேகமாகத் தோண்டுவார்கள். மறுநாள் விஷயம் தெரிந்துபோய், குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். அவரும் கொண்டுபோய்க் கொடுப்பார். பட்டப்பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அவருக்கு ஒரே கொள்கை: "ஆள் வெச்சுக்கலாம்." குழாய் சொட்டினால் ஆள். கதவு கிறீச்சிட்டால் ஆள். பல்பு மாட்டும் ஆள் வரும்வரை குளியலறையில் மெழுகுவத்தி வைத்துக் குளித்த மனிதர் அவர்.

அவருடைய மனைவி நேர் எதிர். தையல்காரி. முன்னறைதான் அவளுடைய கடை. ஜன்னல் ஓரம் மெஷின், பக்கத்தில் வெட்டும் மேஜை, வெளியே "இங்கே துணிகள் தைத்துத் தரப்படும்" என்று ஒரு போர்டு. காய்ச்சலில் கிடந்த நாளிலும் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள். போன வருஷம் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. காதில் வைக்க ஒரு கருவி கொடுத்தார்கள். அதுவோ, தைக்கும்போது மெஷினின் கடகடவை மட்டும் பொறுக்கி எடுத்து மண்டைக்குள் கொட்டியது. அதனால் மெஷினில் உட்காரும்போது அதைக் கழற்றிவைத்துவிடுவாள். வாசலில் வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், கூப்பிட்டுப் பார்ப்பார்கள், பிறகு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். கதவைத் திறக்க வேண்டிய கணவர் அந்த நேரத்தில் எங்கேயாவது பள்ளத்தின் ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "என்னங்க, இந்த மாசத்தோட போர்டைக் கழட்டிடலாம்னு இருக்கேன்."

அழுதுகொண்டோ கோபப்பட்டோ சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவளோ தண்ணீர் எடுத்துக் குடிப்பதுபோலச் சொன்னாள்.

"கழட்டிட்டு?"

"கழட்டிட்டு என்ன? உங்களை மாதிரி உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அவர் நீண்ட நேரம் யோசித்தார். யோசித்துத் தனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தார். ஆள் வெச்சுக்கலாம்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு புராஜெக்ட் கடை இருந்தது. "உங்கள் கற்பனை, எங்கள் கைவண்ணம்" என்று பலகை. அந்தக் கல்லூரி மாணவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சகலத்தையும் கடைக்காரர்தான் ஆண்டுதோறும் கண்டுபிடித்துத் தந்துகொண்டிருந்தார். மண் காய்ந்தால் தண்ணீர் விடும் கருவி, வெள்ளம் வந்தால் கத்தும் கருவி, திருடன் வந்தால் கத்தும் கருவி. கடைசி இரண்டும் ஒன்றுதான், பெட்டியின் நிறம் வேறு.

"எந்த காலேஜ் சார்?" என்றார் கடைக்காரர்.

"காலேஜ் இல்லப்பா, வீடு. வாசல்ல ஆள் வந்தா உள்ள விளக்கு எரியணும்."

"எக்ஸாமினர் யாரு?"

"என் பொண்டாட்டி."

"ரொம்ப ஸ்ட்ரிக்டா?"

"சுமாரா ஸ்ட்ரிக்ட்."

"கவலையை விடுங்க சார். நம்ம பொருள் எந்த எக்ஸாமினர்கிட்டயும் தோத்ததில்லை."

சொன்ன நாளில் பொருள் வந்தது. பளபளவென்று ஒரு பெட்டி, அதில் ஆளைப் பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடிக் கண், தலையில் சிவப்பு விளக்கு. கூடவே கறுப்பு அட்டையில் பொன்னெழுத்து போட்டு பைண்டு செய்த ஆய்வறிக்கை. முதல் பக்கத்தில், இந்தக் கருவியை உருவாக்க ஊக்கமளித்த கல்லூரி முதல்வருக்கும் துறைத் தலைவருக்கும் மேற்பார்வை சார் மனமார நன்றி தெரிவித்திருந்தார். அவர்கள் யார் என்று அவருக்கே தெரியாது. எக்ஸாமினர் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் தனித் தாளில் இருந்தன. "இக்கருவியின் எதிர்காலப் பயன்பாடுகள் யாவை?" என்பதுவரை மனப்பாடம் செய்துகொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

மனைவி அந்தத் தாளில் இல்லாத ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதுவும் மறுநாள்.

"இதை எப்படிங்க நிறுத்துறது?"

நடந்தது இதுதான். காலர் தைத்துக்கொண்டிருக்கிறாள், விளக்கு எரிகிறது. மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். வாசலில் ஒரு பூனைகூட இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் மறுபடியும் எரிகிறது. மறுபடியும் யாரும் இல்லை. இப்படி நாள் முழுக்க. சாயங்காலம் நிஜமாகவே ஒரு வாடிக்கைக்காரர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். அப்போது மட்டும் விளக்கு சாந்தமாக இருந்தது.

"காது கேக்கலங்கறது பழகிடுச்சு," என்றாள் அவள். "இப்ப கண்ணும் பொய் சொல்லுதுன்னா நான் எதைத்தாங்க நம்பறது?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் துளியும் அசரவில்லை.

"சார், சென்சாரை நம்பி எக்ஸாமினர் முன்னாடி நிக்க முடியுமா? வேலை செய்யலைன்னா பையன் ஃபெயில். அதான் தானாவே விட்டு விட்டு எரியற மாதிரி வெச்சிருக்கேன். அது எரியப்போற நேரம் பாத்து பையன் போய் முன்னால நிப்பான். மார்க் வாங்கிட்டுப் போவான்."

"அப்ப இந்தக் கண்ணு?"

"உள்ளதான் இருக்கு சார். கனெக்‌ஷன் கொடுக்கல. கேட்டா காட்டறதுக்கு."

கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார்: "மேடம் எவ்வளவு மார்க் போட்டாங்க?" பிறகு, நிஜமாகவே வேலை செய்கிற சாமான் வேண்டுமென்றால் தன்னால் ஆகாது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த பழைய கிடங்கைக் காட்டினார். "அங்க கேட்டுப் பாருங்க. அங்க வர்றவங்க எல்லாம் அவங்கவங்களே செஞ்சுக்குவாங்களாம். பாவம், வசதி இல்லாதவங்க போலிருக்கு."

கிடங்குக்குக் கைவேலைக் கூடம் என்று பெயர். நீள மேஜைகள், சுவர் முழுக்கத் தொங்கும் ஆயுதங்கள், ஒரு மூலையில் மரத்தூள், இன்னொரு மூலையில் ஈயம் உருகும் புகை. ஒரு பல் டாக்டர் அம்மா சுவர்க் கடிகாரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பஸ் டிரைவர் தன் முதுகுவலிக்கு ஏற்றபடி நாற்காலி செய்துகொண்டிருந்தார். சுவரில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருந்தது: "சொல்லித் தரலாம். செய்து தரக் கூடாது." யோசனை சொல்லப் போகிறவருக்குக் கை துறுதுறுக்கும், பிடுங்கிச் செய்துவிடத் தோன்றும். அதனால் யோசனை சொல்கிறவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று அங்கே வழக்கம்.

மேற்பார்வை சார் வழக்கம் தெரியாமலே உள்ளே போனார். போய், பிறவிக் குணத்தால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே இருந்தவர்கள் பார்த்தார்கள். வயது, நரை, கட்டிய கை. பெரிய நிபுணர் வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"சார், இது ஏன் ஆடுது?" என்று பஸ் டிரைவர் நாற்காலியைக் காட்டினார்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ம்ம்... எங்கேருந்து ஆடுதுன்னு பாத்தீங்களா?"

டிரைவர் குனிந்து பார்த்தார். ஒரு கால் நூலளவு குட்டை. "அட, ஆமா சார்! கரெக்டா சொல்லிட்டீங்க!"

அதோடு புகழ் பரவிவிட்டது. தினமும் போனார். தினமும் "ம்ம்" என்றார். ஆளாளுக்கு வந்து கேட்டுத் தாங்களே பதிலைக் கண்டுபிடித்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். உத்தியோகத்தில்கூட அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. விளக்கு விஷயம் மட்டும் அப்படியே கிடந்தது. "இவ்வளவு பேர் இருக்காங்க, யாராவது ஒருத்தர் செஞ்சு கொடுத்துட மாட்டாங்களா" என்று உள்ளூர ஒரு நப்பாசை.

வீட்டுக்கு வந்தால் மனைவி பட்டன் டப்பாக்களைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைக்காக யாரோ கொடுத்திருந்த துணிக்கட்டைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றாள். மாதம் பாதிக்கு மேல் போயிருந்தது.

மறுநாள் பல் டாக்டர் அம்மா அவரை மடக்கினார்.

"எல்லாருக்கும் சொல்றீங்க. உங்க வேலை எந்த அளவுல இருக்கு சார்?"

"ஆலோசனை அளவுல இருக்கு."

"எத்தனை நாளா?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் எழுதுவதற்கும் அலுவலகத்தில் வேறு ஆள் இருந்தார். விஷயத்தை எல்லாம் கொட்டிவிட்டார், குளியலறை மெழுகுவத்தி உட்பட. கூடமே சிரித்தது. டிரைவர் தான் செய்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அது ஆடவில்லை.

"வாசல்ல பட்டன் அழுத்தினா உள்ள விளக்கு எரியணும். இதுக்கு சென்சார் எதுக்கு, பெட்டி எதுக்கு?" என்று பல் டாக்டர் அம்மா ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் பற்றவைப்பியை நீட்டினார். "கையை முன்னால கொண்டுவாங்க சார். வலிக்காது."

"எல்லார்கிட்டயும் இப்படித்தானே சொல்வீங்க?"

"ஆமா. அவங்களும் இப்படித்தான் பயப்படுவாங்க."

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. விரலில் சூடு பட்டது. அவர் பற்றவைத்த முதல் இணைப்பு ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி இருந்தது. இரண்டாவது, அந்த மூக்கைத் துடைத்த மாதிரி. மூன்றாவதைக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் எடுத்துப்போய்க் காட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் புராஜெக்ட் கடைக்காரரிடமும் காட்டினார். அவர் உண்மையான கலக்கத்தோடு, "உங்களுக்கு ஏன் சார் இந்தக் கஷ்டம்?" என்றார்.

வாசலில் பட்டன். சுவரோடு ஒயர். மெஷினுக்கு நேர் எதிரே, சுவரில், அழகாகச் சிவப்பு விளக்கு. வெளியே போய் நின்று, தானே வாடிக்கைக்காரராகி, பட்டனை அழுத்தினார். காத்திருந்தார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தால், விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. மனைவி குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்துக்குப் போய், விளக்கில் என்ன கோளாறு என்று கேட்டார். பல் டாக்டர் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "விளக்குல ஒண்ணுமில்ல. தைக்கும்போது அவங்க கண்ணு எங்க இருக்கும்?"

மேற்பார்வை சார் ஊரில் உள்ள பள்ளமெல்லாம் பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவள் எங்கே பார்க்கிறாள் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் முழுக்க ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, இங்கயும் மேற்பார்வையா?" என்றாள் அவள்.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

பார்த்தார். அவள் ஊசியைப் பார்க்கவில்லை. ஊசிக்கு முன்னால், துணி உள்ளே போகப்போகிற ஒரு விரல் அகல இடத்தை மட்டுமே பார்த்தாள். அந்த விரல் அகலத்தைத் தவிர உலகம் இடிந்து விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. துணி திரும்பும் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரியவந்தது. அதை அவர் கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கைச் சுவரிலிருந்து கழற்றினார். மெஷினின் கழுத்தில், ஊசிக்கு மேலே வைக்கப்போனார்.

"சிவப்பு வேணாம்," என்றாள் அவள். "துணியோட நிறமே மாறித் தெரியும். வெள்ளையா போடுங்க. கண்ணுல அடிக்காம, துணி மேல விழற மாதிரி."

"எக்ஸாமினர் உத்தரவு," என்றார் அவர். வெள்ளை பல்பைத் தானே மாட்டினார். அதற்கு ஒரு மத்தியானம் பிடித்தது.

இரண்டு நாள் கழித்து, அவள் ஒரு தலையணை உறையின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, அந்த விரல் அகலத் துணி பளிச்சென்று வெளுத்தது. மெஷின் நின்றது. காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். வாசலில் ஒரு நர்ஸ், கையில் துணிப்பையோடு.

"நாலு கோட் தைக்கணும்மா. ஆனா இந்த மாசத்தோட நிறுத்தறீங்கன்னு கேள்விப்பட்டேன்..."

"யாரு சொன்னா?"

"அப்படித்தான் பேசிக்கறாங்க."

"பேசறவங்களுக்கு வேற வேலை இல்ல. உள்ள வாங்க, அளவெடுக்கலாம். ஆனா அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேலதான் தர முடியும், இப்பவே சொல்லிட்டேன். சீருடைத் துணியைத் திரும்ப வாங்கணும், அது வேற கிடக்கு."

நர்ஸ் எட்டாம் தேதி கேட்டாள். இவள் பத்தில் நின்றாள். இருவரும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வெகுநேரம் வாதாடினார்கள்.

நடையில் ஒரு நாற்காலி மேல் மேற்பார்வை சார் நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஓர் இடத்தில் ஒயர் பிடிமானம் விட்டுத் தொங்கியிருந்தது. பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். காயும்வரை கையை எடுக்கக் கூடாதென்று டியூபில் போட்டிருந்தது.

"என்னங்க!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "அளவெடுக்கற டேப்பை இங்கதான் வெச்சேன், பாத்தீங்களா? கொஞ்சம் வந்து தேடித் தாங்க!"

"நீயே தேடிக்கோ," என்று அவர் சத்தமாகச் சொன்னார். "நான் வேலையா இருக்கேன்."