ஓட்டத்துக்கு எவ்வளவு?

என் காக்காவின், அதாவது அண்ணனின், ஓட்டத்தை ஒரு கொப்பிப் பக்கத்தில் முடித்து வைத்தவள் நான்தான் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. வகுப்பில் பிழையில்லாமல் வாசிப்பவள் என்று பெயர் வேறு. அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது.

காக்கா நூறு மீற்றர் ஓட்டக்காரர். அந்த வாரம் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று கொழும்பில் தேசியப் பயிற்சி முகாமுக்கு, மற்றது மாமா எடுத்துக் கொடுத்த கத்தார் விசா. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வருவார், வாப்பா முடிவு சொல்வார் என்று ஏற்பாடு. பின்வளவில் யன்னல் மட்டத்தோடு நின்றுபோன புது வீட்டுச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வாப்பாவின் மனம் கத்தார்ப் பக்கமே சாய்ந்தது.

காக்கா தன் போனைத் தந்து என்னை வேலையில் இறக்கினார். உலகத்தில் எந்த விளையாட்டுக்காரனுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தேடி எழுதி, வாப்பாவுக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். உதைபந்து, கூடைப்பந்து, குத்துச்சண்டை, கொல்ஃப், கிரிக்கெட். ரூபாய்க்கு மாற்றியபோது பூச்சியங்கள் கொப்பியின் ஓரத்தை இடித்தன. புல்லில் ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஆறுதலாக நடந்து போகிறவனுக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஓட்டத்தை அடியில் எழுதினேன். பேர்போன ஒன்றிரண்டு பேரை விட்டால், மற்ற ஓட்டக்காரர்களின் வரும்படி சப்பாத்து வாங்கவே காணாது போலிருந்தது.

"அத வாசிக்காத புள்ள. கிரிக்கெட்டோட நிப்பாட்டு" என்றார் காக்கா. தலையாட்டினேன்.

மாமா வந்தார். உம்மா தேநீரை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். நான் வாசிக்க வாசிக்க மாமாவின் தேநீர் ஆறியது. காக்காவின் முழங்கால் நிற்காமல் ஆடியது. கிரிக்கெட்டோடு கொப்பியை மூடினேன்.

வாப்பா கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். பெரிய மீனெல்லாம் போன பிறகும், கடைசிக் கூடைச் சின்னச் சூடை மீனையும் கூறி முடிக்காமல் எழும்பமாட்டார்.

"இதில ஒண்டும் இவன் விளையாடல்லயே. ஓட்டத்துக்கு எவ்வளவு மகள்?"

காக்காவைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார். நாலு பூச்சியம் கூட்டிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எழுதியிருப்பதை மாற்றி வாசிக்க எனக்கு வரவில்லை. உள்ளதை வாசித்தேன்.

மாமா சிரித்துவிட்டார். "கத்தார்ல சாமான் தூக்கினாலும் இத விடக் கூடக் கிடைக்கும் மச்சான்."

வாப்பா சிரிக்கவில்லை. அவர் சொன்னதை யாருமே எதிர்பார்க்கவில்லை.

"ஓடத்தான் ஆசையெண்டா ஓடு மனே. சுவர் எங்கயும் போகாது. நீயே சொல்லு."

உம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. காக்கா தலை நிமிர்ந்து என்னையே பார்த்தார். உயரம் அளப்பவரைப்போல உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"நான் கத்தாருக்கே போறன் வாப்பா."

அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் அவருடைய சொல்லைக் கேட்காத கோபத்தில்தான் அப்படிப் பார்த்தார் என்று நினைத்து, விமானம் ஏறும் நாள்வரை அவருக்கு முகம் கொடுக்காமல் ஒளித்துத் திரிந்தேன்.

எங்கள் ஊரில் வீடு கட்டுவது பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க என்பது எனக்குத் தெரியும். எங்கள் வாப்பாவுக்குப் பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது தெரியவில்லை.