விழாத சரிவு

சைராகுல் பனி அளப்பவள். கிர்கிஸ் மலையில், சாலை முடிந்து சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் அவள் வீடு. பதினெட்டுக் குளிர்காலமாக, தினமும் காலையில் மண்வெட்டியோடு ஏறிக் குழி வெட்டி, பனி எப்படிப் படிந்திருக்கிறது, சரிந்து ஆளை மூடுமா என்று பார்த்து நகரத்து அலுவலகத்துக்குப் போனில் சொல்வாள். தனி ஆள். அதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை.

அந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் பனி கொட்டி ஓய்ந்த காலையில், வாசலில் கல்யாணக் கூட்டம் வந்து நின்றது. பதினொரு பேர், பதினொரு குதிரை. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பெண்ணை அழைத்துவர வேண்டும்; அந்தச் சரிவைக் குறுக்கே கடந்துதான் வழி.

சைராகுல் சரிவின் ஓரமாகக் குழி வெட்டினாள். புதுப்பனிக்கு அடியில் ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல் உருண்டை உருண்டையாக ஒரு அடுக்கு. பனியைத் தூணாகச் செதுக்கி, உச்சியில் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி வழுக்கி அவள் காலில் விழுந்தது.

“இன்னிக்கு வேணாம். நாளைக்கும் சந்தேகம்தான்.”

மாப்பிள்ளையின் அப்பா தொக்தோசுனுக்கு முகம் சிவந்துவிட்டது. “நாப்பது வருஷமா இதுலதான் போய்ட்டு வரேன்மா. எனக்கே சொல்றியா?”

“நீங்க தாராளமாப் போங்கய்யா. மாப்பிள்ளைய மட்டும் விட்டுட்டுப் போங்க. கல்யாணத்துக்கு அவர் வேணும்ல?”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முணுமுணுத்தபடி குதிரையிலிருந்து இறங்கினார்.

பெண் வீட்டுக்குத் தகவல் போனது. இரண்டு நாள் பதினொரு பேரும் அவள் வீட்டில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வசந்தம்வரை வரும் என்று அவள் வைத்திருந்த குதிரைக்கறி காலி. மாப்பிள்ளை கூரைப் பனியை வழித்துக் கொடுத்தான். தொக்தோசுன் மட்டும் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, உன் மலை இன்னும் தூங்குதா?”

“தூங்கட்டும்யா. டீ ஆறுது, குடிங்க.”

மூன்றாம் நாள் புதுத்தூண் செதுக்கினாள். இருபத்தைந்து தட்டு. அசையவில்லை. ஜவ்வரிசி இறுகி மேல்பனியோடு ஒட்டியிருந்தது. ஒருவர் கடந்தபின் அடுத்தவர் என்று ஒவ்வொருவராக அனுப்பினாள். கடைசியாகப் போன தொக்தோசுன் சரிவின் மறுபக்கத்திலிருந்து தொப்பியைச் சுழற்றிக் காட்டினார். சரிவு அந்த வருஷம் முழுக்க விழவே இல்லை.

ஐந்தாம் நாள் பெண்ணோடு திரும்பியவர்கள் அவளையும் விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தொக்தோசுன் நூறு பேர் நடுவில் எழுந்து, “விழாத மலைக்குப் பயந்து என்னை ரெண்டு நாள் அடைச்சு வெச்சவ இவதான்!” என்றார்.

“மூணு நாள் வெச்சிருப்பேன், கறி தீந்துபோச்சு,” என்றாள் சைராகுல்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் கொழுத்த துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். பெண் வெட்கத்தோடு வந்து அவள் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினாள். சைராகுல் நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.