தரைமேல் போட்ட பழி

1. குடையோடு வந்தவர்

“நீயாக்கும் அந்தத் தரைக்காரன்?”

மொசைக் தேய்க்கும் மெஷினில் கல் மாற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஒரு அம்மா மடக்கிய குடையோடு நின்றார்.

“ஆமா அக்கா.”

“ஒன் தரை ஈரம் உணங்காம எம்மவ கல்யாணம் முடங்கிக் கெடக்கு. கடலையா பிடிச்சு உள்ள விட்டிருக்க, மாசக்கணக்குல உணங்காம கெடக்க?”

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேச்சும் அவ்வளவாக வராது. குனிந்து பார்த்துச் செய்கிற வேலை என்பதால்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது.

அது தொண்ணூறுகளின் நடுவில். டைல்ஸ் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. மொசைக் தரைதான் பெருமை. தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் என் முதலாளியான கான்ட்ராக்டர் வரிசையாக நாலு வீடு தொடங்கி, கட்டி முடிக்கும் முன்பே நாலையும் விற்றிருந்தார். ஓணத்துக்குச் சாவி என்பது பேச்சு. ஓணமும் போனது, கிறிஸ்துமஸும் போனது.

இரண்டாம் வீட்டை வாங்கியவர் இந்த அம்மா, பெயர் பிலோமினா. குளத்தூர் பக்கம் கடற்கரை. கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். போன ஆடிக் கடல் அவர்கள் வீட்டு அடுக்களையைக் கொண்டு போயிருந்தது. மகளுக்குத் தவக்காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளைக்கு ஈஸ்டர் வரை லீவு கிடையாது, கல்ஃபுக்குத் திரும்ப வேண்டும். மகள் சொந்த வீட்டிலிருந்துதான் மணப்பெண்ணாக இறங்க வேண்டும் என்பது தாயின் பிடிவாதம். மிச்சம் இருந்தது பத்தே நாள்.

“தரை உணங்கல்லன்னு ஆரு அக்கா சொன்னது?” என்று கேட்டேன்.

“ஒன் மொதலாளி. புதுவருசத்துலருந்து இதே பாட்டு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவு வந்திருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். தரை காய்ந்ததா என்று வெளியாள் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாத் தாமதத்தையும் முதலாளி என் தரைமேல் போட்டிருந்தார்.

மெஷினை அணைத்துவிட்டு அவரை இரண்டாம் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அடுக்களை வாசலுக்குப் பின்னால், கதவு மாட்டித் திறந்தால் மறைகிற சுவரில், பென்சில் கோடுகள் இருந்தன. எனக்கு நாள் கணக்கு மனதில் நிற்காது. சிமென்ட் இறுகத் தரையை ஒரு நாள் நனைத்தால் ஒரு கோடு போடுவேன். மெஷினால் தேய்க்கிற முதல் கட்டிங் முடிந்தால் குறுக்கே ஒரு கோடு. பிறகு சிறு துளைகள் அடைபட சிமென்ட் பேஸ்ட் அடித்து, மறுபடி நனைக்கும் கோடுகள். இரண்டாம் கட்டிங் முடிந்ததும் இன்னொரு குறுக்குக் கோடு, பக்கத்தில் தேதி.

ஏலம் எடுக்கிறவர் அல்லவா, ஒரு பார்வையில் எண்ணிவிட்டார்.

“இது புதுவருசத்துக்கு மறுநாள் தேதி.”

“ஆமா.”

“அப்போ தரை அன்னைக்கே ரெடி. பின்ன என்னதான் இல்ல?”

“கதவு இல்ல அக்கா. கதவு மாட்டாம பெயின்ட் அடிக்க முடியாது. பெயின்ட் அடிக்காம நான் ஆசிட் பாலிஷ் போட முடியாது. போட்டா, ஏணியை இழுத்தே நாசமாக்கிருவாங்க.”

“கதவு எங்க?”

“ஆசாரிய மொதலாளி நெய்யாற்றின்கரைல வேற வீட்டுக்கு அனுப்பியாச்சு.”

அவர் குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். “நாளைக்கு அவன் வருவான். அவன் மூஞ்சிக்கு நேர இதச் சொல்லுவியா?”

நான் மெஷினுக்கே திரும்பிப் போனேன். ஆறு வருடமாக முதலாளி தருகிற வேலையில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

2. நாக்கு

மறுநாள் சனிக்கிழமை. முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பிலோமினா அக்காவும் கணவரும் இரண்டாம் வீட்டு அடுக்களையில் காத்திருந்தார்கள்.

“அக்கா, இன்னும் ரெண்டாழ்ச்ச, பதினாலே நாள் தாங்க. தரை உணங்கல்ல. இந்தா நிக்கானே, இவன்கிட்டயே கேளுங்க.”

என்னைப் பார்த்தார். எப்போதும்போலத் தலையை ஆட்டுவேன் என்று நினைத்திருப்பார். சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“தரை உணங்கி முப்பது நாளாச்சு மொதலாளி. கதவு வரல்ல.”

ஆறு வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“எலே தங்கப்பா, ஒனக்கு நாக்கு உண்டா?”

“நாக்கு அவனுக்கு எப்பவும் உண்டு. நீதான் அத வாடகைக்கு எடுத்து வச்சிருந்த” என்றார் பிலோமினா அக்கா. “எனக்கு ரெண்டாழ்ச்ச வேண்டாம். கதவு என்னைக்கு? கிழமை சொல்லு.”

“அது பாத்து…”

“பாக்க வேண்டாம். மத்த மூணு வீட்டுக்காரங்ககிட்டயும் தரை உணங்கல்லன்னுதானே சொல்லியிருக்க? அவங்களையும் கூட்டிட்டு வாறேன். இந்தக் கோட்ட அவங்களும் எண்ணிப் பாக்கட்டும்.”

முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். என் பென்சிலை வாங்கி அந்த அம்மா அவர் கையில் கொடுத்தார். என் கோடுகளுக்குக் கீழே முதலாளியே எழுதினார்: கதவு செவ்வாய். பெயின்ட் வெள்ளி. பாலிஷ் சனி.

3. சிமென்ட் கேட்ட நாள்

செவ்வாய்க்கிழமை கதவுகள் வந்தன. வந்த அவசரத்தில் ஆசாரி ஒரு கதவைக் கைநழுவ விட்டார். தலைவாசலுக்கு உள்ளே ஒரு சாண் அகலத்துக்குத் தரை பெயர்ந்தது. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே நிறக் கல் சிப்ஸும் வெள்ளை சிமென்டும் குழைத்து நிரப்பினேன். பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டேன்.

வியாழக்கிழமை பிலோமினா அக்கா டெம்போவில் அலமாரி, கட்டில், அண்டா எல்லாவற்றோடும் வந்துவிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன்.

“சாமான உள்ள ஏத்தக்கூடாது அக்கா. சனிக்கிழமை வரைக்கும்.”

“நீயும் தொடங்கியாச்சா?”

“மொதலாளி கேட்ட நாள் வேற. அத நீங்க வெட்டினீங்க, சரி. இது சிமென்ட் கேக்குற நாள். இத வெட்டினா, திங்கக்கிழமை ஒங்க மக எறங்கம்போ கால்ல கல்லு பெயரும்.”

“நேத்து வரைக்கும் வாய் தொறக்காதவன், இன்னைக்கு எனக்கே தடை போடுதான்” என்று கூட வந்த கணவரிடம் சொன்னார். சாமான்கள் வராந்தாவில் இறங்கின. பென்சிலை வாங்கி அன்றைய கோட்டை அவரே போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து, நான் வருவதற்குள் ஒட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் மெஷினைப் போட்டேன். பத்து மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடும். அதற்குள் ஒட்டுக்குக் கட்டிங் முடிந்தது. மூலைகளைக் கையால் தேய்த்தேன். நாலு மணிக்கு ஆசிட் பாலிஷும் முடித்து, தரையைக் கழுவி விட்டேன். ஒட்டு எந்த இடம் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். அவர் தெளித்த தண்ணீர் தரையில் முத்து முத்தாக நின்றது. பிலோமினா அக்கா மாப்பிள்ளை வீட்டாரை நேரே அடுக்களைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக் காட்டினார். அந்தச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குப் பெயின்ட் அடிக்க விடாமல் வைத்திருந்தார்.

“இதாக்கும் இந்த வீட்டுக்க ஆதாரம். சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தந்த பத்திரம் ரெண்டாவது.”

திங்கட்கிழமை மகள் அந்தத் தரையைத் தாண்டித்தான் கல்யாணத்துக்கு இறங்கினாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கிழமை கேட்கத் தொடங்கினார்கள். ஈஸ்டருக்குள் நாலு வீட்டுக்கும் சாவி கொடுத்தாயிற்று.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டு வேலையில் தாமதம் இரண்டு வகை. சிமென்ட் கேட்கும் நாளை யார் திட்டினாலும் குறைக்கக் கூடாது. மனிதன் கேட்கும் நாளுக்கு நம் வேலையைச் சாக்காகக் கொடுக்கக் கூடாது. வீடு வாங்குகிறவர்கள் ‘எப்போ முடியும்’ என்று கேட்டால் ‘ரெண்டாழ்ச்ச’ என்றுதான் பதில் வரும். ‘யார் வேலை யாருக்காக நிற்கிறது’ என்று கேட்க வேண்டும்.

முதலாளி மூன்று மாதம் என்னைக் கூப்பிடவில்லை. நான் சும்மா இருக்கவும் இல்லை. கோடு போடுகிற ஆள் வேண்டும் என்று கோட்டுகாலிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். நாலாம் மாதம் அவர் ஸ்கூட்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“எலே தங்கப்பா, கோடு போடாம வேலை செய்வியா?”

“மாட்டேன் மொதலாளி.”

அவர் கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

“பின்ன போட்டுத் தொலை. திங்கக்கிழமை வந்திரு.”