தண்ணீர் இல்லாத ஆற்றோரம் ஒரு யுத்தச் சிலை

மலையகத்து நோர்வூட்டில் இருப்பவன் யுத்த நினைவுச் சிலையைப் பார்க்க ஏன் போனான் என்று கேட்பீர்கள். ஊர் சுற்றப் போகவில்லை. வடக்கே வன்னியில் கடை வேலைக்குப் போன என் அண்ணன் சிவராஜ் 2009 சண்டையில் காணாமல் போனான். உடம்பு கிடைக்கவில்லை. கருமாதி செய்தால் தாலியை இறக்க வேண்டும் என்பதால் அண்ணி இத்தனை வருஷம் சம்மதிக்கவில்லை.

இந்தப் பங்குனியில் அவரே கூப்பிட்டார். "எனக்கும் வயசாகுதுங்க தம்பி. நானும் போய்ட்டா அவருக்கு யாரு செய்வா? சண்டையில செத்தவங்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிற எடத்துல செஞ்சிருவோம். ஓடுற தண்ணியும் வேணும்." அப்படி ஓர் இடம் கினிகத்தேனைக்குக் கீழே ஆற்றோரச் சிறுநகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கருமாதியை நானே செய்வதாக ஏற்பாடு.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஹட்டன். அங்கிருந்து கினிகத்தேனைக்கு ஒரு மணி நேரம். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்க ஜன்னலுக்கு வெயில். அங்கே நஸீர் என்பவரின் ஆட்டோவைப் பிடித்தோம். போக வர, காத்திருக்க 2,500 ரூபாய். அண்ணி மடியில் எள்ளும் பச்சரிசியும் வைத்துக்கொண்டு வந்தார்.

சிலை நன்றாகவே இருக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்ட சிப்பாய், அவன் தோளில் தாயின் கை. பீடத்தில் அந்த ஊர்ச் சிப்பாய்களின் பெயர்கள், எல்லாம் சிங்களத்தில். அண்ணிக்குச் சிங்களம் பேச வரும், படிக்க வராது.

"சிவராஜ்னு எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கா பாருங்க," என்று நஸீரிடம் கேட்டார்.

இது ஆமிக்காரர்களுக்கான கல் என்று நான் வாயெடுப்பதற்குள் அந்த நல்ல மனுஷன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். கடைசியில், "சிவராஜ்னு யாரும் இல்லீங்க அக்கா," என்றார்.

அண்ணி ஆற்றங்கரைக்கு இறங்கினார். ஆறு எங்கே? பாறையும் மணலும், நடுவில் பாசி பிடித்த குட்டையும்தான்.

"மேல டேம்ல மறிச்சிட்டாங்க. மழை வந்தாத்தான் இது ஆறு," என்றார் நஸீர்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத தெளிவு அந்த முகத்தில்.

"செத்தவங்க பேருல அவரு இல்ல. செய்யலாம்னு வந்தா தண்ணியும் இல்ல. உசுரோட இருக்கிற மனுசனுக்குப் போயி கருமாதி செய்யப் பாத்தோமே தம்பி!"

"அண்ணி, அது ஆமிக்காரங்க பேருங்க."

"செத்தவங்க பேருதானே?"

அண்ணி எள்ளை அங்கேயே கொட்டினார். அரிசியைக் கொட்டவில்லை. சோறாக்கலாம் என்றார். எனக்கு அந்தப் பாறையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் போங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும். சிலையருகே நிழல் இல்லை, குடை அவசியம். காணாமல் போனவர்களின் வீட்டாரைத் தயவுசெய்து அழைத்துப் போகாதீர்கள்.

அண்ணன் செத்துவிட்டான். எனக்குத் தெரியும். ஆனால் இனி அண்ணியை நம்பவைக்க எந்த ஆற்றுக்கும் கூட்டிப் போக முடியாது. அவர் காத்திருந்தே சாவார். அதை நான் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.