காதர் உமி போட்ட ஏரி

காதர் போய்விட்டான்.

காலையில் அவன் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே... "கஷ்டப்படல மாமா" என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இங்கே ஃபேஸ்புக்கில் இருக்கும் நண்பர்கள் பலருக்கு அவனைத் தெரியாது. புதுவாயலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் என்றால் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கும் அவனுக்கும் திருவள்ளூர் ஹைஸ்கூலில் ஒரே பெஞ்ச். ஐம்பதுகளில்... என் பிள்ளைகளே ரிடையர் ஆகிவிட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுடையது பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பம். படிப்புக்காகத் திருவள்ளூரில் மாமா வீட்டில் இருந்தான். என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வேலை. நான் ஐயங்கார்டா என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் கடைசி வரைக்கும் என்னை "ஐயரே" என்றுதான் கூப்பிட்டான். என்னைக் கடுப்பேற்றவே!

எங்கள் இங்கிலீஷ் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பாடப் புத்தகத்தைத் தொட மாட்டார். ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கதையை எடுத்து வாசிப்பார், நடுநடுவே தமிழில் சொல்வார். நல்ல கட்டத்தில் டப்பென்று புத்தகத்தை மூடிவிடுவார்.

மீதிக் கதையை நாங்கள் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் முடிவையெல்லாம் வாசித்துவிட்டு, அப்புறம்தான் நிஜ முடிவு. அந்த ஒரு வாரம் சோறு இறங்காது எங்களுக்கு.

ஒரு வருஷம் ஐப்பசிப் புயலில் காதருடைய அண்ணன் போன படகு பழவேற்காடு ஏரியில் கவிழ்ந்தது. படகு கிடைத்தது. கூடப் போனவர்கள் கரை ஏறிவிட்டார்கள். அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை.

என் பிள்ளை வருவான் என்று அவன் அம்மா, இறந்தவர்களுக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை ஓத விடவே இல்லை. காதர் ஸ்கூலுக்குத் திரும்பி வந்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாருக்கும் விஷயம் தெரியும். ஆனால் எந்தக் கதையை எடுக்கிறோம் என்று யோசிக்காமல் எடுத்துவிட்டார் போல...

ஏதோ ஒரு பனி தேசம். வேலைக்குப் போனவன் உறைந்துபோன ஏரி மேல் நடந்து வீட்டுக்கு வருகிறான். பனிக்காலம் முடியப்போகிறது. பாதி ஏரியில் காலுக்குக் கீழே ஐஸ் விரிசல் விடுகிற சத்தம்... அங்கே புத்தகத்தை மூடிவிட்டார்.

நாங்கள் எல்லோரும் அவனைச் சாகடித்தோம். சோகமாக எழுதினால்தான் சார் மார்க் போடுவார் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. நான் டிக்‌ஷனரியைப் புரட்டி, தண்ணீரில் முழுகிக்கொண்டே அவன் பேசுகிற மாதிரி ஒரு நீளமான டயலாக் வேறு எழுதினேன். அபத்தம்!

காதர் ஒருத்தன்தான் அவனைக் காப்பாற்றினான். எப்படி? ஊர் ஜனமெல்லாம் மூட்டை மூட்டையாக உமி கொண்டு வந்து ஏரி முழுக்கக் கொட்டினார்களாம். ஐஸ் கரையவில்லையாம். அவன் அதன் மேல் நடந்து வந்துவிட்டானாம்.

நாங்கள் பார்த்திருந்த ஐஸ் அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து ரயிலில், கரையாமல் இருக்க உமி போட்டுக் கோணியில் சுற்றி, ஸ்டேஷன் சோடாக் கடைக்கு வருமே, அது. சார் வாசிக்க வாசிக்க கிளாஸே விழுந்து விழுந்து சிரித்தது.

காதர் எழுந்து நின்றான். "சிரிச்சிக்கினே இருங்கடா. என் கதையில அவன் ஊட்டுக்கு வந்துட்டான்."

சட்டென்று அடங்கிவிட்டோம். அப்போதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு உறைத்தது.

சார் புத்தகத்தைத் திறக்கவில்லை. "பெல் அடிச்சிடும், இன்னைக்கு இது போதும்" என்றார்.

காதர் உட்காரவில்லை. "படிங்க சார். இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிக்கினு போறேன்."

சார் படித்தார். மெதுவாக, தமிழில் சொல்லாமல், வெறும் இங்கிலீஷில். ஆனால் புரிந்துவிட்டது. அவன் வரவில்லை.

"தப்பா எழுதிட்டான் சார். உமி போட்டிருக்கலாம்" என்றான் காதர்.

சார் புத்தகத்தை மூடினார். "அந்த ஊர்ல நெல்லு விளையாதுப்பா. உமிக்கு எங்க போவாங்க?" என்றார்.

காதர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். கர்ச்சீப்பெல்லாம் ஏது அப்போது, சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எத்தனையோ வருஷம் அவன் கடையில் டீ குடித்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து வரும்போது கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அரட்டை அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போவேன். அந்தக் கதையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

போன மாதம் திடீரென்று போன்.

"ஐயரே, பேத்தி காலேஜ்ல இங்கிலீஷ் படிக்குது, என்னப் பேஜார் பண்ணுது. நம்ம சார் படிச்ச கதைய அதுக்குச் சொன்னேன். இந்த மாதிரி கதையில எல்லாம் ஆளு வரவே மாட்டான்னுது. வந்தான்னு நான் சொல்றேன். நீ கூட இருந்தவன்தானே, சொல்லு. ஊட்டுக்கு வந்தானா இல்லியா?"

மறந்துபோய்க் கேட்டானா, தெரிந்தே கேட்டானா... இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"வந்துட்டான்டா காதர்" என்றேன்.

"கேட்டுக்கினியா, வந்துட்டானாம்" என்று பேத்தியிடம் சொல்வது கேட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். போனை வைக்கக்கூட மறந்துவிட்டான்.

இன்று சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பழவேற்காட்டில் அடக்கம். முட்டி வலியாவது ஒன்றாவது... கார் சொல்லிவிட்டேன்.

இரு காதர், ஐயர் வந்துகொண்டிருக்கிறேன்.