கிழக்கு பார்த்த முகம்

சம்பளம் வர ஆரம்பித்ததும் நான் வாங்கிய முதல் உருப்படாத சாமான் ஒரு பெட்டிக் கேமரா. கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவில் என் போட்டோக்களுக்கு நல்ல பெயர் இல்லை. தலை இருந்தால் கால் இருக்காது; இரண்டும் இருந்தால் ஆள் ஆடியிருப்பார். ஆனாலும் தங்கையின் போட்டோவை நானே எடுப்பதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை, பெண் பார்க்க வர லீவு கிடையாது. போட்டோ அவருக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

கேமராவோடு வந்த தாளில் முதல் விதி, வெயில் எடுப்பவன் முதுகில் படவேண்டும் என்பது. எங்கள் வீட்டின் முதல் விதி, சுபகாரியத்துக்குக் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பது. காலையில் எடுத்திருந்தால் இரண்டும் ஒத்துப்போயிருக்கும். அப்பா பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்த நல்ல நேரமோ சாயங்காலம்.

"மேற்கே திரும்பி ஒக்காரட்டும்ப்பா, மூஞ்சியிலே வெளிச்சம் விழும்."

"வெளிச்சம் பகவான் தருவார். நீ பெட்டியை அமுக்கு."

ஸ்டூடியோவில் கழுவி வந்த படத்தில் தங்கையின் புடவை இருந்தது, பின்னால் கிணறு இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி இருந்தது. அவள் உள்ளே போய் அழுதாள். பெட்டியை அந்தக் கிணற்றிலேயே போட்டுவிடலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த நல்ல நேரமும் சாயங்காலம்தான். இம்முறை தங்கையின் ஸ்டூலுக்கு நேர் எதிரே, கொடியில் அப்பாவின் வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் பூஜைக்குக் கட்டுவது. குளிக்காதவன் கை பட்டால் திரும்ப நனைக்க வேண்டும். நான் அதை ஒதுக்கப் போனேன்.

"தொடாதேடா! மடியாக்கும்!"

ஆபீஸிலிருந்து வந்த கோலத்தில், வேஷ்டி மேலே படாமல் அதன் அடியில் தவளை மாதிரி குந்தி, அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே அமுக்கினேன்.

படம் வந்தது. தங்கையின் முகம் மூக்குத்தி வரை பளிச்சென்று இருந்தது. எதிரே தொங்கிய வெள்ளை வேஷ்டி வெயிலை வாங்கி அவள் முகத்தில் அடித்திருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. தங்கையிடம் மட்டும் சொன்னேன். அப்பா படத்தைத் தெரு முழுக்கக் காட்டினார்.

"கிழக்கு பாத்து ஒக்காருன்னு சொன்னேனே, இப்போ பாத்தியா?"

வாயைத் திறக்கப்போன என்னைத் தங்கை கிள்ளினாள்.

பம்பாயிலிருந்து சம்மதம் வந்தது. கல்யாணத்தன்று சாயங்காலம் அப்பா தம்பதியைக் கிழக்கு பார்த்து உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கேமராவோடு போய் நின்றேன். மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணா, மடி வேஷ்டி எங்கே?"