மைக்கில் சொன்ன பெயர்

எங்கள் ஹட்டன் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் ரம்யா, மின்சாரம் போனால் கைப்பேசியில் நாவல் படிப்பாள். போன வாரம் ஒரே மழை நாளில் மூன்று முறை மின்சாரம் போனது. மூன்றாவது முறை இருட்டுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு, சளி பிடித்துத் தடிமனா என்று விசாரித்தேன்.

“இல்லக்கா. கடைசியில மன்னிச்சிட்டா.”

“யாரு யாரை?”

கதையைச் சொன்னாள். ஒரு கிரிக்கெட் வீரன், கல்யாணம் பேசிய பெண்ணை விட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறான். பல வருடம் கழித்து முழங்காலில் அடிபட்டுத் திரும்பி வருகிறான். அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இறுதி ஆட்டம் முடிந்ததும் அவன் மைக்கை வாங்கி, அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அவள் படிகளில் இறங்கி ஓடி வருகிறாள்.

இந்தக் கதைகளில் அடி எப்போதும் முழங்காலில்தான் படும், கவனித்திருக்கிறீர்களா? சில சமயம் தோளில். மூக்கில் பட்டதாக நான் படித்ததில்லை. நொண்டும்போதும் கதாநாயகன் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் அல்லவா.

“நெசத்துல யாராச்சும் இப்பிடிச் செய்வாங்களாக்கா?”

“செஞ்சிருக்காங்க,” என்றேன்.

அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால், அப்படி நிஜத்தில் செய்தவன் மைக்கில் சொன்ன மூன்று வாக்கியங்களை எழுதிக் கொடுத்தவள் நான் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

எங்கள் காலத்தில் இந்த நாவல்கள் தலவாக்கலையில் ஒரு தையல்கடையில் வாடகைக்குக் கிடைத்தன. துணி அடுக்கும் பலகையின் கீழ்த்தட்டில் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் மெஷின் எண்ணெய் மணக்கும். இன்றும் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் வாசனை வந்தால், யாரோ யாரையோ மன்னிக்கப் போகிறார்கள் என்று என் மனம் தயாராகிவிடுகிறது. ஆண் பெண் உறவு பற்றி இருபத்து நான்கு வயதில் எனக்கு இருந்த அறிவில் முக்கால் பங்கு அந்தக் கீழ்த்தட்டிலிருந்து வந்ததுதான். மீதிக் கால் பங்கை நானே ஊகித்துக்கொண்டேன்.

அப்போது நான் வட்டகொடைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்தபடி ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, மண்சரிவு, வாலிபால் போட்டி. வாலிபால் செய்திதான் அதிகம். எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களமே மாலையில் வாலிபால் மைதானம். பந்து கொஞ்சம் தவறினால் தேயிலைக்குள் உருண்டு ஆற்றுக்குப் போய்விடும். அதனால் எங்கள் பையன்கள் கோட்டுக்கு உள்ளே அடிப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்களில் முதல் ஆள் யோகராஜ்.

தவமணி என் தோழி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. பள்ளிக்கூட அணியில் அவளும் ஆடியவள். பள்ளி முடிந்து கொழுந்து பறிக்கப் போன பிறகு பெண்கள் களத்தில் இறங்குவதில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சுவரோரம் நின்று பார்ப்பாள். யோகராஜ் ஏன் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே சர்வீஸ் போடுகிறான் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. செய்தி எழுதுகிறவளின் கண் அவ்வளவு கூர்மை.

இரு வீட்டிலும் பேசி வெற்றிலை மாற்ற நாள் வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், கொழும்பில் ஒரு கொம்பனி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யோகராஜ் ரயில் ஏறினான். தேர்வானவர்களுக்கு வேலையும் உண்டு. தேர்வானான். திரும்பவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. குறித்த நாளில் தவமணியின் தாய்மாமன் பெரியசாமி வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் தேங்காயும் வெற்றிலையும் வைத்து, சாயங்காலம் வரை லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவன் வந்தான். முழங்கால் போய்விட்டது, அதோடு வேலையும். நாவல்காரர்கள் முழுக்கப் பொய் சொல்வதில்லை என்று அன்று நினைத்தேன். களத்து மேட்டில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தான்.

ஒரு காலையில் ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது தவமணி எனக்கு மட்டும் சொன்னாள்.

“மாமா எறங்கி வந்துட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க வீட்டாளுங்க வரலாம்னாரு. ஆனா புதுசாப் பொண்ணு பாக்க வர்ற மாதிரி வரணுமாம். பழசு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாதுன்னுட்டாரு.”

“இது என்னடி திருட்டுக் கல்யாணமா? ஊருக்கு முன்னாடி ஒன்னய அவமானப்படுத்திட்டுப் போனவன் ஊருக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்க வேணாமா?”

“எங்கிட்டக் கேட்டுட்டான். இந்தா, இந்தப் பீலிகிட்டதான். அழுதான். எனக்குப் போதும்.”

“அழுதா ஆச்சா?”

“ஒனக்கென்னடி, நீயா கட்டிக்கப்போற?” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், கோயில் கமிட்டி நடத்திய போட்டியில் டயகமப் பக்கத்து அணியோடு இறுதி ஆட்டம். முழங்காலைக் கட்டிக்கொண்டு யோகராஜே தலைவனாக இறங்குவதாக இருந்தது. யோகராஜைக் களத்து மேட்டில் பிடித்து, மைக்கில் மன்னிப்புக் கேள் என்று சொன்னேன். தயங்கினான்.

“தவமணி ஒண்ணும் கேக்கலியேக்கா.”

“பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. எதிர்பார்ப்பாங்க.”

பேச வராது என்றான். நான் எழுதிக் கொடுத்தேன். முக்கியமான பெயர் முதல் சொல்லாக வர வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் கற்றுத்தந்த விதி. ஏழு வாக்கியம் எழுதி மூன்றாகச் சுருக்கினேன். அந்தச் சுருக்கத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஆட்டத்தில் தோற்றோம். கடைசிப் பந்துக்கு யோகராஜ் எழும்பினான், முழங்கால் எழும்பவில்லை. தோற்ற அணியின் தலைவன்தான் முதலில் பேச வேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் கமிட்டிக்கு நன்றி சொல்லி, வென்றவர்களை வாழ்த்தி, மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். மைக்கை வாங்கப் போகும் முன் என்னிடம் வந்தான்.

“தோத்துட்டோமேக்கா. பேசவா?”

“பேசு,” என்றேன்.

ஒலிபெருக்கிகளை யூகலிப்டஸ் மரத்தில் நாலு லயத்தையும் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். நன்றியும் வாழ்த்தும் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தான். “தவமணி, வெற்றிலை மாற்ற இருந்த நேரத்தில் உன்னை விட்டுப் போனவன் நான். ஊரறிய உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொரு முறை எனக்கு இடம் கொடு.”

பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன், “தவமணீ!” என்று நீட்டிக் கத்தினான். கூட்டம் சிரித்தது. முன்வரிசை நாற்காலியில் கமிட்டிக்காரர்களோடு இருந்த பெரியசாமி மாமா எழுந்தார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, யாரையும் பாராமல் மேட்டில் ஏறிப் போனார். நான் பிள்ளைக்காம்பரா பக்கம் பார்த்தேன். சுவரோரம் காலியாக இருந்தது.

மறுநாள் யோகராஜின் வீட்டார் வந்தார்கள். மாமா அவர்களை உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார். வெற்றிலைத் தட்டை மட்டும் தொடவில்லை.

“கோவமெல்லாம் இல்லீங்க. மறந்த மாதிரி இருந்துக்கலாம்னு நெனச்சிருந்தேன். இப்ப நாலு லயமும் கேட்ட பொறகு எப்பிடிங்க இருக்கிறது? இன்னைக்கு வெத்தல வாங்கினா, அன்னைக்கு நான் வாசல்ல குந்தியிருந்ததப் பாத்து நானே சிரிச்ச மாதிரி ஆயிரும்.”

அன்று சாயங்காலம் தவமணி எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“நீதான எழுதிக் குடுத்த? ‘ஊரறிய’ன்னு அவன் வாயில வருமா?”

“உள்ள வாடி,” என்றேன் நான்.

“ரெண்டு வருசமா ஒவ்வொரு ஆளா மறக்க வச்சேண்டி. மாமாவ, அம்மாவ, லயத்துப் பொம்பளைங்கள. ஒனக்கு மூணு வரி போதுமா இருந்துச்சு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அவள் விடுமுறையில் வந்துபோனதை ஒவ்வொரு முறையும் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அவளுடைய தாயார் இறந்த பிறகு வருவதும் நின்றுவிட்டது. யோகராஜ் மறுபடி கொழும்புக்குப் போனான். அந்த இறுதி ஆட்டத்தின் செய்தியை நான் எழுதி அனுப்பினேன். புள்ளிகளெல்லாம் சரியாக இருந்தன.

போன வருடம் ஒரு சாவு வீட்டுக்காக அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரட்டுக் களத்தில் பாதி லீக்ஸ் பாத்தி, பாதி தண்ணீர்த் தாங்கி. பிள்ளைக்காம்பராவை இடித்துவிட்டார்கள். பெரியசாமி மாமா இல்லை. எங்கள் பழைய லயத்தில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. தவமணி வீட்டு வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த மாமியாரைக் கூப்பிட்டாள்.

“தவமணியா? வெளிநாட்டுக்குப் போன புள்ளதான?” என்றார் அந்த அம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டு. “எங்களுக்கு முந்தி இந்த வீட்ல இருந்தாங்க. நல்ல புள்ளன்னு சொல்லுவாங்க. ஏன் கலியாணம் கட்டலன்னு யாருக்கும் தெரியாதுங்க.”

ஊர் ஒருவழியாக மறந்துவிட்டிருந்தது. இனி வெற்றிலைத் தட்டோடு வர ஒருவருமில்லை, வாங்கிக்கொள்ளவும் அங்கே எவருமில்லை.